பேரைச் சொல்லி எழுப்புவது

கடலூரில் நான் படித்த பள்ளியில் உதவித்தொகைப் பட்டியல் வந்ததும் வாத்தியார், ‘எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திருங்கடா’ என்பார். நிற்போம். அன்றைக்குக் கணக்கு மண்டையில் ஏறாது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் இதையே உத்தரப்பிரதேசக் கிராமங்களில் சோதனையாக்கி 2006இல் வெளியிட்டார்கள். தாளில் சிக்குப்பாதைக்கு வழி கண்டுபிடிக்கும் வேலை. சாதியைச் சொல்லாதவரை தலித் பையன்களும் சாதி இந்துப் பையன்களும் சமம். பெயர், தகப்பன் பெயர், சாதி என்று எல்லார் முன்பும் வாசித்ததும் தலித் பையன்கள் பின்தங்கினார்கள். ‘தகுதி, திறமை’ பேசுகிறவர்களின் வாயடைக்க நமக்கு வாகான சான்றுதான்.

ஆனால் எந்தச் சோதனையையும் திரும்பச் செய்து பார்த்தால்தான் நம்பலாம் என்கிறது உளவியல். சிதம்பரத்தில் அதைப் படிக்கும் தோழர்களைக் கேட்கிறேன்: சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நின்று அதை அப்படியே வாசிப்பீர்களா? வாசகத்தை மாற்றினால் அது அதே சோதனை இல்லையாம். இல்லாமப் போகட்டுமே! பழைய தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. யார், எப்படிச் செய்தார்கள் என்பது பதிவில் கிடக்க வேண்டும். பிள்ளை காதில் மட்டும் விழ வேண்டாம். மாற்றிச் செய்யுங்கள்; எதை, ஏன் மாற்றினோம் என்று ஆய்வேட்டில் பச்சையாக எழுதுங்கள். அப்படியேதான் வேண்டுமென்றால் எங்களிடம் வாருங்கள். வருசா வருசம் எழுந்து நின்றவர்கள் இருக்கிறோம், சொல்கிறோம்.