ஏட்டின் தேதியும் கோப்பின் தேதியும்

ஓலைச்சுவடியின் இறுதியில் படியெடுத்த ஆண்டைக் குறித்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். அந்த ஆண்டுப்பெயர் அறுபதாண்டுச் சுழற்சியில் மீண்டும் வருவது. வேறு குறிப்பில்லையேல் எந்தச் சுற்று என்பது விளங்காது. விளங்கினாலும் அது படியெடுத்த காலமேயன்றிப் பாடத்தின் காலமாகாது. ஆகவேதான் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல சுவடிகளைத் திரட்டிப் பாடங்களை ஒப்புநோக்கினார்.

இந்த எச்சரிக்கையைக் கணினி முன் நாம் மறந்தோம். உசிலம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் மாணவர்கள் தொகுத்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் நம் துறைக் கணினியில் இருந்தன. அவற்றைப் பழைய கணினியொன்றில் பிழைதிருத்தி, பென்டிரைவில் கொண்டுவந்து பழைய கோப்புகளின் மேல் பதிந்தோம். மின்கலம் தீர்ந்த அக்கணினியின் கடிகாரமோ பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. கோப்புகளும் அந்தப் பொய்த்தேதியைச் சுமந்தே வந்தன.

இரவுதோறும் மாறியவற்றை மட்டும் படியெடுக்கும் காப்புநகல் மென்பொருள் கோப்பைத் திறந்து படிப்பதில்லை. 'கடைசியாகத் திருத்திய நேரம்' முந்தைய காப்புநகலுக்குப் பிந்தியதா என்று மட்டுமே நம்முடையது பார்த்தது. 'பழையவை' என்று ஒதுக்கிவிட்டது. பின்னொரு நாள் வன்தட்டு பழுதாயிற்று. கிடைத்தவை திருத்தப்படாத படிகளே. பழைய கணினியையும் பென்டிரைவையும் அதற்குள் நாமே துடைத்திருந்தோம். பாடிய மூதாட்டியருள் ஒருவர் மறைந்தும் போனார். அவரிடம் மீண்டும் கேட்டுச் சேர்த்த அடிகள் இனி இல்லை.

மென்பொருளைப் பழிப்பது முறையன்று. ஒவ்வொரு கோப்பையும் முழுதாகப் படித்து ஒப்பிட நேரம் பிடிக்கும். தேதி பார்ப்பது நொடிப்பொழுது வேலை. ஆயினும் நடுவழிகள் உண்டு. 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராசும் வெளியிட்ட 'ஆர்சிங்க்', வழக்கமாகக் கோப்பின் அளவையும் நேரத்தையும் ஒப்பிடும். நேரம் முந்தியதோ பிந்தியதோ, வேறுபட்டாலே படியெடுக்கும். நாம் கேட்டுக்கொண்டால் உள்ளடக்கத்தைப் படித்துச் சரிபார்ப்புத் தொகை கணித்தும் ஒப்பிடும்.

நம் கருத்து இதுதான்: இரவுதோறும் தேதியை நம்புவோம், மாதம் ஒருமுறையேனும் உள்ளடக்கத்தை ஒப்பிடுவோம், காப்புநகலிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து படித்துப் பார்ப்போம். தேதி வெறும் சாட்சி, பாடமே சான்று. தமிழ் படித்த நாம் இதைப் பிறரிடம் கற்க வேண்டியதில்லை.