தவறணையும் பிழாவும்

கோயிலையும் நூல்நிலையத்தையும் கண்டு ஒரு நகரின் சீரை அளப்பார் உளர். அந்நகரத்துக் கள்ளுக்கடையையும் கண்டே அளத்தல் வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்ப் பண்டிதன் எழுதத்தக்க பொருளோ இது என முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருளுக. சங்கச் சான்றோர் நாணாது பாடிய பொருளையே யானும் எடுத்துக்கொண்டேன்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக்கள் ஆக்கும் முறையைப் படிப்படியாகக் கூறுகின்றார். அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றி, முளையை இடித்த நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முற்ற விளைந்தபின் வடித்தெடுப்பர் என்பது அப்பகுதியின் கருத்து. வாற்கோதுமையை முளைகட்டி ஆங்கிலேயர் ஆக்கும் ‘ஏல்’ என்னும் மதுவுக்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை சிறிதே. அப்புலவரே பட்டினப்பாலையில் புகார் நகரத்துக் கள்ளுக்கடையையும் காட்டுகின்றார். மீனும் ஊனும் பொரியும் ஓசை நிறைந்த முற்றம். மணல் பரப்பி மலர் சிதறிய வாயில். பலரும் புகும் மனை. கள் விற்பதை அறிவிக்கும் கொடி. சுவை, தூய்மை, உபசாரம் என்னும் மூன்றும் அங்கே ஒருங்கு நிற்கின்றன. மறைவு என்பது மட்டும் இல்லை.

அப்பழம்பாட்டின் பிழா இன்னும் இறந்துபடவில்லை. யாழ்ப்பாணத்தில் கள் அருந்தப் பனையோலையாற் கோலும் கலத்துக்குப் பிளா என்று பெயர். கலத்தின் உருவும் பயனும் வேறாயினும், சொல் நெடுங்காலம் கடந்து நம் கைக்கு வந்திருக்கின்றது. தவறணை என்பதோ போர்த்துக்கேயர் தந்த சொல். அதனைத் தவறு, அணை எனப் பிரித்துப் பொருள் காண்பது இலக்கணப் பிழையே. ஆயினும் இன்றைய நகரத் தவறணைகளை நோக்குமிடத்து, அப்பிழையான பிரிப்பே பொருந்துமோ என எண்ணத் தோன்றுகின்றது.

யான் பேலியகொடைவாசி. களனியாற்றுப் பாலத்தைக் கடந்தால் கொட்டாஞ்சேனை அணித்து. காலி வீதி வழியே தெற்கே சென்றால் வெள்ளவத்தை. இவ்விடங்களின் மதுக்கடைகளைச் சுவை, அளவு, தூய்மை, உபசாரம் என்னும் நான்கும் கொண்டு பல்லாண்டாக நோக்கி வருகின்றேன். சுவையிற் பெருங்குறை இல்லை. நுவரெலியாக் குளிரிலே 19 ஆம் நூற்றாண்டில் தோன்றிய மதுவாலையின் வழிவந்து, இன்று எங்கள் ஊருக்கு அணித்தாய பியகமவில் ஆக்கப்படும் லயன் ஸ்டவுட்டை, மது பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் மைக்கேல் ஜாக்சன் மெச்சி எழுதியுள்ளார். கள்ளின் நிலையோ வேறு. காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும் இயல்பினது அது. ஆதலின் நகருக்கு நல்ல கள் வந்து சேர்தல் அரிது. சீனி முதலியன கூட்டிச் செய்யும் செயற்கைக் கள் பற்றிய முறைப்பாடும் நெடுநாளாக உண்டு.

உபசாரத்தைப் பற்றிச் சொல்லவே நாக்கூசுகின்றது. பல கடைகளில் வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இடையே இரும்புக் கம்பி. சிறையிலே உறவினரைக் காண்பார்போல் வரிசையில் நின்று பணத்தை நீட்டினால், அப்பாலிருந்து ஒரு கால் போத்தல் வரும். இருக்கை இல்லை, நீர் இல்லை, இன்சொல் இல்லை. வாங்கியதைக் கடதாசியிற் சுற்றி, ஒழுங்கையோரம் ஒதுங்கி, ஒரே மூச்சில் விழுங்குகின்றான் ஏழை. இருந்து அருந்துவோன் தன் அளவை அறிவான். ஒளிந்து விழுங்குவோன் அறியான்.

இந்நிலை எவ்வாறு வந்தது? 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கண் வருவாயின் மேலது. அதனை எதிர்த்தெழுந்த மதுவிலக்கு இயக்கத்தின் கண் ஒழுக்கத்தின் மேலது. பின்னாளில் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கா முதலியோர் பொதுவாழ்விற் புகுந்ததும் அவ்வியக்கத்தின் வழியாகவே. ஒருசாரார் குடிப்போனை வரிப்பணமாகக் கண்டனர். மறுசாரார் பாவியாகக் கண்டனர். மனிதனாகக் கண்டவர் அரியர்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ எனலாம். அவரை மறுக்க யான் துணியேன். குடியாதிருத்தலே தலை. ஆனால் அவ்வதிகாரத்திலேயே, மறைந்து குடித்து மயங்குவோரை ஊரார் அறிந்து நகுவர் என்றும் அவர் கூறியுள்ளார். மறைவு குடியை ஒழிப்பதன்று, நாணையே ஒழிப்பது. இனி, அதியமான் சிறிதளவு கள் பெற்றால் அதனை ஔவையாருக்கே ஈந்தான் என்று புறநானூறு சொல்லும். அவ்வம்மையார் அண்மைக்காலத்தில் கொழும்புக்கு வந்திருப்பின், 1979 ஆம் ஆண்டு விதிப்படி அவருக்கு ஒரு பிளாக் கள்ளும் விற்றிருக்கமாட்டார்கள். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அவ்விதியை நீக்க, சில நாள்களிலேயே சனாதிபதியின் சொற்படி அது மீண்டது.

இங்கிலாந்தில் மரபுவழி ஏல் அருகி வருவது கண்டு, அருந்துவோரே 1971 இல் சங்கம் அமைத்தனர். நல்ல மது தரும் மனைகளை ஆராய்ந்து ஆண்டுதோறும் நூலாக வெளியிட்டனர். அங்கே பைந்து அளவுக்கு அரசு முத்திரை உண்டு. நம்மவரோ குறையைச் சொல்லவும் நாணுகின்றனர். அதனினும் கொடிது, மரமேறிச் சீவி இறக்குவோனைத் தாழ்த்திவிட்டு, அவன் இறக்கியதை மட்டும் சுவைத்த நம் சமூகத்தின் மாசு.

2023 ஜனவரியில் மதுவரி 20 வீதம் ஏறிற்று. வரியேற ஏற ஏழை கசிப்பை நாடுவான் என்பதை யாவரும் அறிவர். வரி கொள்ளும் அரசுக்குக் கடமையும் உண்டு. கம்பியை அகற்றுக. இருக்கையும் நீரும் விளக்கும் தருக. அளவுக்கு முத்திரையிடுக. செயற்கைக் கள்ளைத் தடுத்து, சீவல் தொழிலாளிக்கு நேர்விலை கிடைக்கச் செய்க. விடியுமுன் பேலியகொடை மீன்சந்தையிற் பெட்டி சுமந்தவன், வேலை முடிந்து ஒரு குவளை அருந்த விரும்பின், அவனை ‘இருங்கள் ஐயா’ என்று வரவேற்கும் கடை ஒன்றேனும் இந்நகரில் அமைதல் வேண்டும்.