தேசத்தை உடைப்பது பாஷையா, ஆணவமா?

“நாட்டுக்கு ஒரு பாஷைதான் இருக்க வேண்டும்; ஆளுக்கொரு பாஷை, ஊருக்கொரு உரிமை என்று கேட்க ஆரம்பித்தால் தேசம் சுக்குநூறாகிவிடும்” என்பதாகச் சில பெரிய மனிதர்கள் ஓயாமல் உபதேசம் செய்து வருகிறார்கள். தன் பாஷைக்கு இடம் வேண்டுமென்று ஒருவன் வாயைத் திறந்தால் போதும், அவன் தேசத்துரோகி ஆகிவிடுகிறான். நம் ஜனங்களிலும் பலர், “அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கும் போலிருக்கிறதே” என்று தலையாட்டுகிறார்கள். ஆகவே இந்த நியாயத்தைச் சற்றுப் பரிசோதித்துப் பார்ப்பது அவசியமாகிறது. இதற்காக நாம் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு தேசம் இதை நடத்தியே பார்த்திருக்கிறது.

1947-ல் பாகிஸ்தான் உண்டாயிற்று. கிழக்கே ஒரு துண்டு, மேற்கே ஒரு துண்டு. நடுவில் சுமார் 1,000 மைல் வேறு நாடு. “மதம் ஒன்று, கடவுள் ஒன்று, வேதம் ஒன்று, இனி என்ன குறை?” என்றார்கள். குறை ஒரு வருஷத்திற்குள்ளாகவே தெரிந்துவிட்டது. 1948 பிப்ரவரியில் அரசியல் நிர்ணய சபையில் தீரேந்திரநாத் தத்தா என்ற அங்கத்தினர், இங்கிலீஷ், உருது இவற்றோடு வங்காளிக்கும் சபையில் இடங்கொடுங்கள் என்று கேட்டார். பிரதம மந்திரி லியாகத் அலிகான் எதிர்த்தார், கோரிக்கை தள்ளப்பட்டது. மறு மாதம் 21-ந் தேதி ஜனாப் ஜின்னா டாக்காவுக்கு வந்து, உருது ஒன்றே ராஜ்ய பாஷை என்றும், வேறு விதமாகச் சொல்பவன் பாகிஸ்தானின் விரோதி என்றும் முகத்தில் அறைந்தாற்போல் சொல்லிவிட்டார்.

தோழர்களே, கவனியுங்கள்! அன்றைய பாகிஸ்தான் ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வங்காளி பேசுகிறவர்கள். உருதுவைத் தாய்ப்பாஷையாகக் கொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஜின்னாவின் வீட்டுப் பாஷையோ குஜராத்தி. அவர் டாக்காவில் பேசியதோ இங்கிலீஷ்! அப்படியிருக்க உருதுவுக்கு மாத்திரம் ஏன் இந்தத் தனி யோக்கியதை? பாஷை என்பது வெறும் வாய்ப்பேச்சல்ல; அது உத்தியோகம், அது கோர்ட்டு, அது பரீட்சை. எவன் பாஷை சர்க்கார் பாஷையாகிறதோ அவன் பிள்ளை பிறக்கும்போதே பாதிப் பரீட்சை பாஸாகிவிடுகிறான். மற்றவன் எவ்வளவு படித்திருந்தாலும் ஒரே இரவில் தற்குறியாகிவிடுகிறான். ஒற்றுமை என்ற பெயரால் நடந்த சூழ்ச்சி இதுதான்.

இதைக் கண்டு கிளர்ச்சி செய்த மாணவர்கள்மீது 1952 பிப்ரவரி 21-ல் டாக்காவில் போலீசார் சுட்டார்கள். வாலிபர்கள் செத்து விழுந்தார்கள். பிறகு 1956 அரசியல் சட்டத்தில் வங்காளியும் ராஜ்ய பாஷைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். இதனால் குடி முழுகிப் போயிற்றா? இல்லை. ஆனால் பாஷையைக் கொடுத்தவர்கள் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. பட்டாளமும் கஜானாவும் மேற்கிலேயே இருந்தன. 1970 தேர்தலில் கிழக்கிலிருந்த 162 பொதுத் தொகுதிகளில் அவாமி லீக் 160-ஐ ஜெயித்தது. 300 தொகுதிகளிலும் சேர்த்து அதற்கே மெஜாரிட்டி. அப்போதும் ஆட்சியை ஒப்படைக்காமல் 1971 மார்ச்சு 25 இரவில் பட்டாளத்தை ஏவினார்கள். அதே மாதத்தில், எண்பது வயது கடந்த கிழவரான தத்தாவைப் பட்டாளத்தார் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. டிசம்பர் 16-ல் பாகிஸ்தான் இரண்டாகிவிட்டது. ஒரே மதம் காப்பாற்றிற்றா? ஒரே பாஷை காப்பாற்றிற்றா? தேசத்தை உடைத்தது இடங்கேட்ட தத்தாவா, இல்லையென்ற ஆணவமா?

மறுபக்கத்தையும் பாருங்கள். இந்தியாவில் பாஷைவாரி மாகாணம் கூடாதென்று 1948-ல் தார் கமிஷன் சொல்லிற்று. ஆந்திர மாகாணத்துக்காகப் பட்டினி கிடந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-ல் இறந்த பிறகுதான் மேலே உள்ளவர்களுக்குக் காது கேட்டது. 1953-ல் ஆந்திரா வந்தது. 1956 நவம்பர் 1-ல் ராஜ்யங்கள் பெரும்பாலும் பாஷைவாரியாகப் பிரிக்கப்பட்டன. அதனால் இந்தியா உடைந்துவிட்டதா? சுவிட்சர்லாந்திலோ, சொற்பப் பேர் பேசும் ரோமாஞ்சு பாஷையை 1938-ல் ஜனங்களே ஓட்டுப்போட்டு நான்காவது தேசிய பாஷையாக்கினார்கள். அந்தத் தேசம் அழிந்துவிட்டதா?

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஷைக்காகக் குண்டடிபட்ட வங்காளிகள், தங்களுக்கென்று நாடு வந்ததும் என்ன செய்தார்கள்? 1972 அரசியல் சட்டத்தில் குடிகள் எல்லோருமே வங்காளிகள் என்று எழுதிவிட்டார்கள். சிட்டகாங் மலைகளிலிருக்கும் சக்மா முதலிய ஜாதியாரின் பிரதிநிதியான மனபேந்திர நாராயண லார்மா, “நாங்கள் வங்காளிகளல்லவே” என்று சபையில் மறுத்தும் பயனில்லை. பின்னர் அந்த மலைகளில் ஆயுதப் போராட்டம் மூண்டு, 1997 டிசம்பரில்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. நேற்று உதைபட்டவன் இன்று உதைப்பானானால் அது விடுதலையாகாது. எஜமானன் மாறியதே மிச்சம். நம் பாஷைக்கு நாம் கேட்கும் நியாயத்தை, நம் எல்லைக்குள் வேறு பாஷை பேசும் ஏழைக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே, “ஒற்றுமை, ஒற்றுமை” என்று எவராவது மேடையேறி மிரட்டினால், நீங்கள் பயப்படவும் வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். “ஐயா, அந்த ஒற்றுமையில் எங்களுக்குச் சமபங்கு உண்டா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உண்டு என்றால் சேர்ந்திருப்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. இல்லையென்றால், தேசத்தை உடைக்கிறவர் யார் என்பது அப்போதே விளங்கிவிடும்.