படத்துக்குப் படம் கட்டணம்: 2013-ல் தடைபட்ட முறை இனி வீடுகளில் வேரூன்றுமா?

பாணேர் (புனே): மாதச் சந்தாவுக்குப் பதிலாக, விரும்பும் ஒரு படத்துக்கு மட்டும் பணம் செலுத்தி வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கும் முறை மீண்டும் பேசுபொருளாகியுள்ளது. நடிகர் ஆமிர் கான் தனது 'சிதாரே ஜமீன் பர்' படத்தை ஓடிடி தளங்களுக்கு விற்காமல், 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி யூடியூபில் ரூ.100 கட்டணத்தில் வெளியிட்டார். திரையரங்குகளில் ஜூன் 20-ஆம் தேதி வெளியான 6 வாரங்களில் இது நடந்தது.

தமிழ்த் திரையுலகுக்கு இந்த யோசனை புதிதல்ல. 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்க வெளியீட்டுக்கு முந்தைய நாளான 2013 ஜனவரி 10-ஆம் தேதி இரவே டிடிஎச் வழியாக வெளியிடப்போவதாக கமல்ஹாசன் அறிவித்தார். அதற்குச் சுமார் ரூ.1,000 கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. திரையரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்ததால் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் தமிழக அரசின் தடையும் சேர்ந்துகொள்ள, பிப்ரவரி 7-ஆம் தேதிதான் படம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. திரையரங்குக்கு முன்பே வீட்டுக்கு என்ற திட்டம் கடைசிவரை நிறைவேறவில்லை.

அன்றைய தொழில்நுட்பமும் முழுமையாகக் கைகொடுக்கவில்லை. டிடிஎச் என்பது செயற்கைக்கோளில் இருந்து வீட்டுக்கு வரும் ஒருவழிப் பாதை. குறித்த நேரத்தில் ஒளிபரப்பாகும் படத்தைப் பணம் கட்டியவருக்குத் திறந்துவிட மட்டுமே முடியும். நினைத்த நேரத்தில் தொடங்கவும் நிறுத்தவும் இருவழி இணைப்பு தேவை. எம்டிஎன்எல் 2006-லேயே டெல்லி, மும்பையில் ஐபிடிவி சேவையைத் தொடங்கியபோதும், அப்போதைய இணைய வேகமும் கட்டணமும் அதைப் பரவலாக்க இடம் தரவில்லை.

இன்று நிலைமை வேறு. ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவை ஒட்டிய பாணேர் போன்ற பகுதிகளில் ஃபைபர் இணைப்பும் ஸ்மார்ட் டிவியும் சாதாரணமாகிவிட்டன. சொந்த ஊரை விட்டு வந்து வசிக்கும் தமிழர்களுக்கு, அருகில் திரையிடப்படாத சிறு படங்களைப் பார்க்க இது வழியாக அமையலாம்.

ஆனால், தடை தொழில்நுட்பத்தில் இருந்து வணிக உடன்பாட்டுக்கு இடம்பெயர்ந்துள்ளது. 2023 அக்டோபரில் வெளியான 'லியோ' படத்தின் இந்திப் பதிப்பு, தேசிய அளவிலான மல்டிபிளக்ஸ் அரங்குகளில் திரையிடப்படவில்லை. ஓடிடி வெளியீட்டுக்கு 8 வார இடைவெளி வேண்டும் என்பது அந்நிறுவனங்களின் நிபந்தனை. தமிழ்ப் படங்களுக்கு வழக்கத்தில் இருப்பது 4 வாரங்கள். இந்த மோதலின் விளைவைப் புனே உள்ளிட்ட நகரங்களின் ரசிகர்களும் எதிர்கொண்டனர்.

வருவாய் கணக்கிலும் கேள்வி உள்ளது. ஓடிடி நிறுவனத்துக்கு விற்றால் தயாரிப்பாளருக்கு ஒரே தொகையாகப் பணம் கிடைத்துவிடும். படம் ஓடாவிட்டாலும் இழப்பு வாங்கியவருடையது. தனிக் கட்டண முறையில் அந்த இழப்பைத் தயாரிப்பாளரே ஏற்க வேண்டும். மறுபுறம், ஓடிடி நிறுவனங்கள் முன்புபோல் படங்களை வாங்குவதில்லை என்று தயாரிப்பாளர்கள் கூறிவரும் சூழலில், நட்சத்திர பலமற்ற படங்களுக்கு வேறு வாசல் குறைவு.

கேரள அரசு 2024 மார்ச் 7-ஆம் தேதி தொடங்கிய 'சி ஸ்பேஸ்' தளம் இங்கு கவனிக்கத்தக்கது. அங்கு ஒரு படத்துக்கு ரூ.75 கட்டணம், அதில் பாதி படைப்பாளருக்குச் செல்கிறது. எத்தனை பேர் பார்த்தனரோ அதற்கேற்ப வருவாய் என்பதால், கணக்கு வெளிப்படையாக இருப்பது இம்முறைக்கு அடிப்படைத் தேவையாகிறது.

ரூ.100 என்பது குடும்பத்துடன் திரையரங்கு செல்லும் செலவில் சிறு பங்கே. எனினும், ஏற்கெனவே பல சந்தாக்களைச் செலுத்தும் குடும்பம் அதையும் கூடுதல் சுமையாகக் கருதக்கூடும்; சில வாரங்கள் காத்திருந்தால் சந்தாவிலேயே படம் வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. அந்த எதிர்பார்ப்பு நீடிக்கும் வரை, பெரிய படங்களைவிட, வேறெங்கும் கிடைக்காத படங்களுக்கே இம்முறை முதலில் பயன்படும் வாய்ப்பு அதிகம்.