குரலுக்கு முன்வரிசை கொடுத்தால் மட்டும் போதுமா?

ஒரு படத்தை டவுன்லோடு செய்யும்போது பாக்கெட் ஒன்று அரை வினாடி தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. போன் பேச்சில் அப்படி வந்தால்? தூக்கிப் போட வேண்டியதுதான். தாலி கட்டி முடிந்தபின் வந்து சேர்ந்த நாதஸ்வரக்காரர் மாதிரி! :-) பேசியது மறுமுனைக்கு 150 மில்லி வினாடிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது என்கிறது ஐ.டி.யூ.வின் ஜி.114 பரிந்துரை.

வை-ஃபையில் இதற்கென்றே 2005-ல் 802.11இ வந்தது. அதில் இரண்டு வழிகள். முதலாவது எச்சிசிஏ. ஆக்சஸ் பாயிண்டே ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நேரம் ஒதுக்கும். இரண்டாவது ஈடிசிஏ. இதில் எல்லோரும் குலுக்கல் சீட்டு எடுக்க வேண்டும். சின்ன எண் வந்தவர் முதலில் அனுப்பலாம். சாதாரண டேட்டாவுக்கு 0 முதல் 15 வரை சீட்டு, குரலுக்கு 0 முதல் 3 வரை. செய்வது சுலபம் என்பதால் கம்பெனிகள் ஈடிசிஏவைப் பிடித்துக்கொண்டன. எச்சிசிஏ பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுபோனது.

சிக்கல் இங்கேதான். ஒரே சமயத்தில் பத்துப் பேர் குரல் அனுப்பக் காத்திருந்தால் பத்துப் பேருக்கும் இருப்பது நான்கே எண்கள். பெரும்பாலும் சின்ன எண் இரண்டு மூன்று பேர் கையில் இருக்கும். மோதல்தான்! முதல் மோதலுக்குப் பிறகும் சீட்டு 0 முதல் 7 வரைதான் விரிகிறது. டேட்டாவுக்கு எதிராக ஜெயிக்கும் குரல், இன்னொரு குரலிடம் தோற்றுப்போகிறது. எல்லோரும் வி.ஐ.பி. என்றால் வரிசை ஏது?

எச்சிசிஏவும் சர்வரோக நிவாரணி இல்லைதான். பக்கத்து வீட்டு ரூட்டர் அதன் பேச்சைக் கேட்காதே! செல்போன் கோபுரங்களுக்கு அந்தத் தலைவலி குறைவு. அலைவரிசை அவர்களுடையது, எல்.டி.ஈ.யில் 1 மில்லி வினாடிக்கு ஒருமுறை யாருக்கு இடம் என்று கோபுரமே முடிவு செய்கிறது. 2021-ல் வெளியான 802.11ஏஎக்ஸ் (வை-ஃபை 6) அதே அதிகாரத்தில் கொஞ்சத்தை ஆக்சஸ் பாயிண்ட் கையில் திருப்பிக் கொடுத்தது. ஆனால் யாரை எப்போது கூப்பிடுவது என்ற கணக்கைத் தயாரிப்பாளர்களிடமே விட்டுவிட்டது.

வை-ஃபைக்கு உடனடித் தேவை இன்னொரு முன்னுரிமை வகுப்பு அல்ல, 'இடமில்லை' என்று சொல்லும் தைரியம். அந்த அனுமதிக் கட்டுப்பாடும் 802.11இ-யிலேயே இருக்கிறது, கட்டாயமில்லை, அவ்வளவுதான். பதினோராவது அழைப்பையும் உள்ளே விட்டால், ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் பத்துப் பேருக்கும் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். வேலைக்கான இன்டர்வியூவில் இருப்பவர் என்ன கேள்வி என்றே தெரியாமல் விழிப்பார். அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், லைன் இல்லாவிட்டால் எங்கேஜ்டு டோன் கொடுத்தது. வந்தவர் திட்டிக்கொண்டே போனை வைத்தார். உள்ளே இருந்தவர்கள் நிம்மதியாகப் பேசினார்கள்.