மேட்ச் ஒன்று, சந்தா மூன்று! பணம் கட்டுமுன் கணக்குப் பாருங்கள்

சென்னை:
"அண்ணே, இன்னிக்கு மேட்ச் எதுல வருது?"

கிரிக்கெட் உள்ள நாளில் சிந்தாதிரிப்பேட்டை டீக்கடைப் பக்கம் போனால் இந்தக் கேள்விதான் காதில் விழும். முன்பெல்லாம் "ஸ்கோர் என்ன?" என்று கேட்பார்கள். இப்போது ஸ்கோருக்கு முன்னால் "ஆப்" பெயர் தெரிய வேண்டியிருக்கிறது!

ஒரு ஆப்புக்குப் பணம் கட்டினால் ஆட்டம் இன்னொன்றில் வருகிறது. அதற்கும் கட்டினால், அம்மா பார்க்கிற சீரியல் மூன்றாவதில் இருக்கிறது. மாதம் பிறந்தால் பேங்கில் இருந்து பணம் தானாகவே போய்விடுகிறது. "நான் கட்டவே இல்லையே!" என்று விழிக்கிறார் குடும்பத் தலைவர்.

ஏன் இந்தத் திண்டாட்டம்? எதை வாங்கலாம்? எதை விடலாம்?

இலவசம் போன கதை

2023-ம் ஆண்டு ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோ சினிமா இலவசமாகக் காட்டியது. எதிர்க்கடை சும்மா இருக்குமா? அதே ஆண்டு ஆசியக் கோப்பையும் உலகக் கோப்பையும் செல்போனில் இலவசம் என்றது ஹாட்ஸ்டார். ஜனங்களுக்குக் கொண்டாட்டம்!

ஆனால் அது தர்மம் அல்ல, வியாபாரம்.

2023 முதல் 2027 வரை 5 ஆண்டு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2022 ஜூனில் ஏலம் போனது. தொகை 48 ஆயிரத்து 390 கோடி ரூபாய்! 410 ஆட்டம் என்று போட்ட கணக்கில், ஒரு ஆட்டத்துக்கு சுமார் 118 கோடி. டி.வி. உரிமை ஸ்டார் கைக்குப் போனது. செல்போன், இன்டர்நெட் உரிமை வயாகாம்-18 கைக்குப் போனது.

இவ்வளவு கொட்டியவர்கள் அதை எப்படி எடுப்பார்கள்? விளம்பரத்தில் பாதி, நம்முடைய சட்டைப்பையில் மீதி.

2024 நவம்பரில் இந்த இரண்டு தரப்பும் ஒன்றாகி விட்டன. 2025 பிப்ரவரி 14-ந்தேதி ஜியோ ஹாட்ஸ்டார் என்ற புது ஆப் வந்தது. அந்த ஆண்டு ஐ.பி.எல்.லை முழுசாகப் பார்க்கச் சந்தா கேட்டார்கள். எதிரும் புதிருமாக இருந்த இரண்டு கடை ஒரே கடையானால், பேரம் பேச வாடிக்கையாளருக்கு ஏது இடம்?

எது எங்கே?

சரி, கடை ஒன்றாகி விட்டதே, ஒரே சந்தா போதுமா? அதுதான் இல்லை!

ஐ.பி.எல்., இந்தியா உள்நாட்டில் ஆடும் ஆட்டங்கள், புரோ கபடி எல்லாம் ஜியோ ஹாட்ஸ்டாரில். ஆனால் 2025 செப்டம்பரில் இந்தியா ஜெயித்த ஆசியக் கோப்பை சோனி லிவ்வில் வந்தது. அந்த உரிமை 2031 வரை சோனியிடம்தான் இருக்கிறது.

அதே 2025-ல் இந்தியா இங்கிலாந்து போய் ஆடியதே, அது இன்னும் வேடிக்கை. டி.வி.யில் சோனி, செல்போனில் ஜியோ ஹாட்ஸ்டார்!

சீரியல் கணக்கு தனி. விஜய் டி.வி. ஜியோ ஹாட்ஸ்டாரில். சன் டி.வி. சன் நெக்ஸ்ட்டில். ஜீ தமிழ் ஜீ-5-ல்.

ஆகவே ஆப்பின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டக்கூடாது. வீட்டில் யார், எதை, எத்தனை மாதம் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கட்டுங்கள்.

299-ஆ, 899-ஆ?

ஒரு உதாரணம். ஜியோ ஹாட்ஸ்டார் தொடங்கியபோது "சூப்பர்" சந்தா 3 மாதத்துக்கு 299 ரூபாய்; ஓராண்டுக்கு 899 ரூபாய். ஐ.பி.எல். நடப்பது சுமார் 2 மாதம். அதை மட்டும் பார்ப்பவருக்கு 299 போதும்; 600 ரூபாய் மிச்சம். வருஷம் முழுக்க விஜய் டி.வி. சீரியல் ஓடுகிற வீடு என்றால் நாலு தடவை 299 கட்டினால் 1,196 ஆகிறது. அங்கே ஆண்டுச் சந்தாதான் லாபம்.

அப்போது 149 ரூபாய்க்கும் ஒன்று இருந்தது. மலிவாச்சே என்று பாய்ந்தவர்கள் ஏமாந்தார்கள். அது செல்போனுக்கு மட்டும், டி.வி.யில் வராது! அதிகம் கட்டினால் விளம்பரம் வராது என்பதும் பாதி உண்மைதான். லைவ் ஆட்டத்தில் விளம்பரம் வரத்தான் செய்யும். விலையும் அடிக்கடி மாறுகிறது. கட்டுகிற அன்றைக்கு என்ன விலை என்று பார்த்துக் கட்டுங்கள்.

வீட்டில் கேபிள் இருக்கிறதா? அப்படியானால் முதலில் கேபிள்காரரைக் கேளுங்கள். ஸ்போர்ட்ஸ் சேனலை மட்டும் ஒரு மாதம் சேர்க்கச் சொல்லலாம். ஆப்பைவிட அது பல நேரம் மலிவு. படமும் முந்தி வரும். பக்கத்து வீட்டில் "சிக்ஸர்!" என்று கத்துவார்கள், நம்ம போனில் பவுலர் அப்போதுதான் ஓடி வந்து கொண்டிருப்பார்!

தானாகப் போகும் பணம்

"ஆட்டோ பே" என்று ஒரு பொறி. ஒரு தடவை சரி என்று தட்டிவிட்டால் தவணைதோறும் பணம் போகும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அந்த மெசேஜை யார் படிக்கிறார்கள்?

ஆப்பை போனில் இருந்து அழித்தால் சந்தா நின்றுவிடாது. யு.பி.ஐ. ஆப்பில் "ஆட்டோ பே" பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். பணம் கட்டிய அன்றே ரத்து செய்து விடலாம். கட்டிய காலம் வரை படம் ஓடும்.

கட்ட முடியாதவர் கதி?

முக்கியமான கேள்வி இதுதான். முக்கிய ஆட்டங்களை தூர்தர்ஷனுக்குத் தர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. இந்தியா ஆடும் ஒருநாள், 20 ஓவர் ஆட்டங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. ஐ.பி.எல். இல்லை.

பட்டியலில் உள்ளதாவது எல்லாருக்கும் கிடைக்கிறதா? 2017-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. அப்படித் தரும் ஆட்டத்தை தூர்தர்ஷன் தன் சொந்த ஒளிபரப்பிலும் இலவச டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிளில் தரக்கூடாது. நகரத்தில் கேபிள் வைத்திருக்கிற ஏழை வீட்டுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பிரயோசனம்?

தூர்தர்ஷன் டிஷ் வாங்கினால் ஒரு தடவைச் செலவு. மாதச் சந்தா இல்லை. இந்தியா ஆடுவதை மட்டும் பார்ப்பவர் அதை யோசிக்கலாம். ஆனால் கேபிளுக்கும் கட்டி, ஆப்புக்கும் கட்டி, அதற்கு மேல் டிஷ்ஷும் வாங்கு என்றால் சாமானியன் எங்கே போவான்?

சட்டம் வந்தபோது செல்போனில் யாரும் மேட்ச் பார்க்கவில்லை. இன்றைக்கு ஊரே பார்க்கிறது. சட்டத்தைத் திருத்த வேண்டியது டெல்லியின் வேலை. அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். எந்த ஆட்டம் வேண்டுமோ அதற்கு மட்டும் கட்டுங்கள். ஆட்டம் முடிந்ததும் சந்தாவையும் முடியுங்கள்!