பழைய சுவரும் புதிய கட்டடமும்

கல்லூரி ஒன்றுக்கு அறுபது எழுபது வயதாகிவிட்டால் அதன் கட்டடங்களைப் பற்றி இரு குரல்கள் எழுவது வழக்கம். “முற்றாக இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுவோம்” என்பது ஒன்று. “முன்னோர் கட்டியதில் கைவைத்தல் தகாது” என்பது மற்றொன்று. முன்னதாற் பெரும் பொருள் விரயமாகின்றது. பின்னதால் ஒழுகும் கூரையின்கீழ்ப் பிள்ளைகள் நனைகின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழியும் உண்டு.

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில், குவேக்கர் சமயத்தவர் 1883இல் தொடங்கிய சிட்வெல் பிரெண்ட்ஸ் என்னும் பாடசாலை உளது. அதன் நடுநிலைப் பிரிவுக் கட்டடம் 1950இல் எழுந்தது. அரை நூற்றாண்டு கழிந்து இடம் போதாமற்போனபோது அவர்கள் அதனை இடித்தாரில்லர். பழையதைச் செப்பனிட்டு, அதனோடு புதிய பகுதியொன்றை இணைத்து, 2006இல் வேலையை நிறைவு செய்தனர்.

புதிய பகுதியின் வெளிச்சுவரை மூடும் பலகைகள், திராட்சைமது அடைத்துவைத்த பழைய பீப்பாய்களிலிருந்து பெறப்பட்டவை. கூரைமேல் மண் பரப்பிச் செடி வளர்க்கின்றனர். எல்லாவற்றினும் வியப்புக்குரியது முற்றத்தின் நடுவேயுள்ள நாணற்பாத்தியே. கட்டடத்தின் கழிவுநீர் அப்பாத்தியின் படிகளூடே மெல்ல இறங்குகின்றது. வேர்களிலும் கற்களிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதன் அழுக்கை உண்கின்றன. இவ்வாறு தெளிந்த நீர் மீண்டும் மலசலகூடங்களுக்குப் பயன்படுகின்றது. மாணவருக்கு அதுவே விஞ்ஞான பாடமும் ஆகின்றது.

“அது செல்வர் நாடு, நமக்கேன் அக்கதை?” என வாசகர் வினவலாம். உண்மையில் அதனினும் நமக்கே இது பெரிதும் வேண்டுவதாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கித் தேங்கும் மழைநீரே நம் கிணற்றுநீர். மலக்குழிகளின் கசிவும் தோட்டத்து உரமும் அதே வெடிப்புகளூடேதான் இறங்குகின்றன. கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆயிரம் பிள்ளைகள் கூடும் பாடசாலையின் கழிவுநீர் எங்கே போகின்றது என்பது சிறிய கேள்வியன்று. அடியில் நீர் கசியாத தளமிட்ட நாணற்பாத்தி அமைப்பதற்கு நம்மவர் கைத்திறன் போதும்.

மழையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். 500 சதுர மீற்றர் கூரையின்மீது ஆண்டில் 1,200 மில்லிமீற்றர் மழை விழுமாயின், அது 6 இலட்சம் லீற்றர் ஆகும். சிந்துவதும் சிதறுவதும் போக எஞ்சுவதே ஒரு செல்வமன்றோ?

நம் முன்னோர் கட்டிய தடித்த சுவரும், உயர்ந்த ஓட்டுக்கூரையும், நீண்ட விறாந்தையும் வெயிலை வெளியே நிறுத்தியவை. அவற்றை இடித்துத் தட்டைச் சீமெந்துத் தளம் போட்டபின், விசிறியின்றிப் பிள்ளைகள் அமரமுடியாத வகுப்பறைகள் எத்தனை!

ஆகவே பழைய மாணவரும் பெற்றோரும் கட்டட நிதிக்குக் கைகொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்பாராக. பழையதில் எது இன்னும் உறுதியாயுள்ளது? புதியதற்குக் காற்று எத்திசையிலிருந்து வரும்? கூரையின் நீரும் குழாயின் நீரும் எங்கே செல்லும்? இம்மூன்றுக்கும் விடை கூறும் வரைபடத்திற்கே நம் பணம் செல்லட்டும். கல்வெட்டிற் பொறிக்கும் பெயரைவிட, கெடாத கிணறே வருங்காலப் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் மேலான கொடை.